ஏணியா, சூரியனா?

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் நாலு திசைக்கும் பஸ் கிடைக்கும். கிழக்கே சிதம்பரம், மேற்கே விருத்தாசலம், வடக்கே வடலூர், தெற்கே கும்பகோணம். பஸ் வருகிற வரை டீ கிடைக்கும். டீ ஆறுகிற வரை அரசியல் கிடைக்கும். அரசியல்தான் கொஞ்சம் ஸ்ட்ராங்!

2021 சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வந்த சமயம். டீக்கடை பெஞ்சில் லால்பேட்டைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் தம்பி, ஊரெல்லாம் கூட்டணி ஜெயிச்சிருக்கு. நம்ம ஏணி மட்டும் ஏன் ஏறல?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சூரியன்ல நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாங்க பாய்!" பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நாம எதுக்குத் தனியாக் கட்சி வச்சிருக்கோம்?"

நியாயமான கேள்விதான். ஏணி என்பது இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் சின்னம். தி.மு.க. கூட்டணியில் அந்த முறை லீகுக்கு மூன்று தொகுதிகள்: கடையநல்லூர், வாணியம்பாடி, சிதம்பரம். மூன்றிலும் ஏணி, மூன்றிலும் தோல்வி. அதே கூட்டணியில் மனிதநேய மக்கள் கட்சிக்கு இரண்டு தொகுதிகள்: பாபநாசம், மணப்பாறை. இரண்டிலும் உதயசூரியன், இரண்டிலும் வெற்றி. இதைப் பார்த்தால் எதிர் பெஞ்சுக்காரர் சொன்னது சரி என்றுதான் தோன்றும்.

ஆனால் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர் அப்படிச் சொல்லலாமா? சேத்தியாத்தோப்பு இருப்பது புவனகிரி தொகுதியில். அங்கே அந்தத் தேர்தலில் நின்றது சாட்சாத் உதயசூரியனேதான். தோற்றது! கடலூர் மாவட்டத்தின் 9 தொகுதிகளில் அ.தி.மு.க. ஜெயித்தது இரண்டே இரண்டு. ஒன்று ஏணி நின்ற சிதம்பரம், இன்னொன்று சூரியன் நின்ற புவனகிரி. சிதம்பரத்தில் 2016-ல் சூரியனே நின்று சுமார் 1,500 ஓட்டில் கோட்டை விட்டது. 2021-ல் ஏணிக்கு வித்தியாசம் சுமார் 17 ஆயிரம். எனவே பழி முழுக்க ஏணி மேல் இல்லை. ஆனால், ஏணிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காகச் சூரியனில் குத்திப் பழகிய விரல் மிஷினில் ஏணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே!

இந்தச் சங்கடத்துக்கு வயது எழுபதுக்கு மேல். 1946-ல் சென்னை மாகாணத்தில் முஸ்லிம் தொகுதி என்றே தனியாக இருந்தது. அதில் முஸ்லிம்கள் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும். அன்றைய முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பிடித்துப் பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. தலைவர், திருநெல்வேலி பேட்டையில் பிறந்த முகம்மது இஸ்மாயில் சாகிப். ஜனங்கள் வைத்த பெயர் காயிதே மில்லத். பிறகு தேசப் பிரிவினை. லீக் என்ற பெயரைச் சொல்லவே கூசிய காலம். கலைத்துவிடலாம் என்று உள்ளேயே பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில்தான் 1948 மார்ச் 10-ம் தேதி, சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்று புதுக் கட்சியாகவே தொடங்கினார்கள். அதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

புது அரசியல் சட்டம் வந்ததும் தனித்தொகுதி முறை போயிற்று. அன்றிலிருந்து கணக்கே வேறு. லால்பேட்டையும் பரங்கிப்பேட்டையும் மட்டும் ஓட்டுப் போட்டால் எந்தத் தொகுதியும் கைக்கு வராது. பக்கத்துக் கிராமத்துக் குடியானவரும் சேரித் தெருக்காரரும் சேர்ந்து போட வேண்டும். கூட்டணி இல்லாமல் அது நடக்காது. காயிதே மில்லத்தே நாடாளுமன்றத்துக்கு மூன்று முறை ஜெயித்துப் போனது தமிழ்நாட்டிலிருந்து இல்லை, கேரளத்து மஞ்சேரியிலிருந்து! அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது தமிழின் பழமைக்காக வாதாடிய மனிதருக்குத் தமிழ்நாட்டில் ஒரு தொகுதி வாய்க்கவில்லை. நாம் அவர் பெயரை ஒரு மாவட்டத்துக்கு வைத்தோம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், நாகப்பட்டினம் மாவட்டம் 1991-ல் அவர் பெயரோடு பிறந்தது. 1997-ல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதையும் எடுத்துவிட்டோம்.

சின்னத்துக்கு வருவோம். லீக் அங்கீகாரம் பெற்ற மாநிலக் கட்சியாக இருப்பது கேரளத்தில். அப்படி ஒரு மாநிலத்தில் அங்கீகாரம் உள்ள கட்சி, வேறு மாநிலத்திலும் தன் சின்னத்தைக் கேட்டு வாங்க 1968-ம் வருஷத்துச் சின்னங்கள் உத்தரவில் வழி இருக்கிறது. அந்தப் புண்ணியத்தில்தான் இங்கே ஏணி கிடைக்கிறது. அங்கீகாரம் இல்லாத சின்னக் கட்சிகளுக்கு அதுவும் கிடையாது. கமிஷன் கொடுக்கிற சின்னத்தைப் பதினைந்து இருபது நாளில் ஊர் பூராவும் சொல்லி முடிக்க வேண்டும்.

சரி, சூரியனிலேயே நின்றுவிட்டால்? ஜெயிக்கலாம். ஆனால், ஜெயித்த நிமிஷத்திலிருந்து ஏட்டில் நீங்கள் தி.மு.க. அந்தக் கட்சியின் கொறடா கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்த வேண்டும். மீறினால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயும். சமுதாயத்துக்காகப் பேச அனுப்பிய ஆள், முக்கியமான நேரத்தில் வேறு வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறார். பெரியவர் முகம் சுருங்கியதற்கு அர்த்தம் இதுதான்.

இந்தத் தலைவலி முஸ்லிம் கட்சிகளுக்கு மட்டுமில்லை. 2019-ல் இதே சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 ஓட்டில் தப்பிப் பிழைத்தார். அவர் கட்சியின் ரவிக்குமார் விழுப்புரத்தில் சூரியனில் நின்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜாலியாக ஜெயித்தார். ஆனாலும் திருமா பானையை விடவில்லை. எனக்கு அதில் அவர் மேல் மரியாதை உண்டு.

லீக் இரண்டையும் பரிசோதித்துப் பார்த்த கட்சி. வேலூரில் 2004-ல் காதர் மொகிதீனும் 2009-ல் அப்துல் ரகுமானும் சூரியனில் ஜெயித்தார்கள். 2014-ல் அதே அப்துல் ரகுமான் அதே வேலூரில் ஏணியில் நின்று தோற்றார். (அந்த வருஷம் சூரியனும் எங்குமே உதிக்கவில்லை என்பது வேறு விஷயம்!) 2016-ல் கடையநல்லூரில் ஏணி ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் கரையேறியது. 2019-ல் ராமநாதபுரத்தில் நவாஸ் கனி ஏணியில் லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் மறுபடியும் அதே ஏணி. எதிரே முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழத்தோடு நின்றார். போதாததற்கு அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள்!

நாடாளுமன்றப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வேலூரில் ஜெயித்த இரண்டு லீக்காரர்களின் பெயருக்குப் பக்கத்தில் தி.மு.க. என்று இருக்கும். ராமநாதபுரத்துக்காரர் பெயருக்குப் பக்கத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்றே இருக்கும்.