கோபால் போனான், பைத்தான் வந்தான்!

"அண்ணே, இவன் ஏதோ ஏ.ஐ. கோர்ஸ் சேரணுங்கறான். அறுபதாயிரமாம். என் வளையலை வெச்சிடட்டுமா?"

ஆலங்காயத்திலிருந்து தங்கச்சி போன் பண்ணியதும் எனக்குப் 'பகீர்' என்றது. ஏனென்றால், 1997-ல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு செயின் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. அம்மாவுடையது. நான் கோபால் படிப்பதற்காக!

கோபால் என்பது மனுஷன் இல்லை. 1959-ல் உருவான கம்ப்யூட்டர் மொழி. இதைப் பாட்டிக்குக் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. "அந்தக் கோபால் பையன் உன்னை நல்லபடியா வெச்சிருக்கானாடா?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

நல்லபடியாகத்தான் வைத்திருந்தான். வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள், 2000 பிறந்ததும் '00' என்பதை 1900 என்று நினைத்துக் குழம்பிவிடும் என உலகமே நடுங்கிய நேரம் அது. திருத்த ஆள் தேடி அமெரிக்கா நம்ம பக்கம் திரும்பியது. சென்னையில் தெருவுக்குத் தெரு இன்ஸ்டிட்யூட். எனக்கும் வேலை கிடைத்தது, செயினும் திரும்பி வந்தது. 2000 ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. எங்கள் பிராஜெக்ட்தான் முடிந்துபோனது. வேலை இல்லாமல் ஆபீஸில் உட்காருவதற்கு எங்கள் பாஷையில் 'பெஞ்ச்' என்று பெயர். ஏழு மாசம் பெஞ்ச் தேய்த்தேன்!

அப்புறம் ஜாவா. அப்புறம் ஃப்ளாஷ். இரண்டு வருஷம் ராத்திரி கண்முழித்துக் கற்றேன். 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ், 'ஐபோனில் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை' என்று ஊரறியக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி நிறுவனமே அதற்கு மங்களம் பாடிவிட்டது.

புது அலை வந்தால் சாஃப்ட்வேர்காரர்களில் மூன்று ரகம் உண்டு.

முதலாவது, 'முதல் நாள் முதல் ஷோ' ரகம். நேற்று ராத்திரி வந்ததை இன்று காலை பயோடேட்டாவில் ஏற்றிவிடுவார்.

இரண்டாவது, 'இதெல்லாம் நாங்க அப்பவே பார்த்தாச்சு' ரகம். புதுசு எது வந்தாலும் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் நாற்காலி போயிருக்கும்.

மூன்றாவது, பயந்தாங்கொள்ளி ரகம். மீட்டிங்கில் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார்.

அடியேன் மூன்றும் பார்த்தவன்!

சனிக்கிழமை ஆலங்காயம் போய் இறங்கினேன். "மாமா, எந்த லாங்வேஜ் படிச்சா லைஃப் முழுக்க ஓடும்?" என்றான் மருமகன், எடுத்த எடுப்பில். பதில் தெரியாதபோது பேச்சை மாற்றுவதுதானே பெரியவர்களுக்கு அழகு? "வாடா, காவலூர் போயிட்டு வரலாம்" என்றேன்.

ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கிதான் பிரபலம். எனக்குப் பிடித்தது அதன் அண்ணன். 1972-ல் நிறுவிய ஜெர்மனி நாட்டு ஜைஸ் கம்பெனியின் 1 மீட்டர் தொலைநோக்கி. 1977 மார்ச் 10-ம் தேதி, யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகுக்குக் காட்டிக்கொடுத்த தொலைநோக்கிகளில் இதுவும் ஒன்று. வளையல் விஷயமாக வந்த இடத்தில் வளையம்!

"அம்பது வருஷம் தாண்டியும் வேலை செய்யுதுடா இது. போட்டோ பிளேட் போய் எலெக்ட்ரானிக் கேமரா வந்துச்சு. கம்ப்யூட்டர் மாறுச்சு. ஆனா வெளிச்சத்தைப் பிடிக்கிற வேலை மாறலை பார்த்தியா?"

வானியல்காரர்கள் படங்களை அலச, 1980-களில் அமெரிக்காவில் உருவான 'ஐராஃப்' என்ற மென்பொருளைப் பல காலம் பயன்படுத்தினார்கள். பிறகு காற்று பைத்தான் மொழிப் பக்கம் வீசியது. 2011-ல் 'அஸ்ட்ரோபை' என்று பொதுவில் ஒரு தொகுப்பைத் தொடங்கினார்கள். அதற்காக ஐராஃபைத் தூக்கி எறிந்துவிடவில்லை. உருவாக்கிய நிறுவனம் கைவிட்ட பிறகும், பயன்படுத்துகிறவர்களில் சிலர் அதைப் பராமரித்து வருகிறார்கள். நட்சத்திரத்தின் வெளிச்சத்திலிருந்து வேண்டாத வெளிச்சத்தைக் கழிக்கும் கணக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

நம்ம கோபாலும் சாகவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், நியூஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்பி, "கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள்" என்று வேண்டுகோள் விட்டார். வேலை போனவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிய, அந்தக் கணக்கைப் பார்த்த பழைய கம்ப்யூட்டர்கள் திணறிப்போனதுதான் காரணம். பாட்டி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

வரிசையில் நிற்கும்போது மருமகனின் செல்போனை வாங்கி, சின்னதாக ஒரு வட்டிக் கணக்குப் புரோகிராம் எழுதச் சொல்லி ஏ.ஐ.யிடம் கேட்டேன். நாலு விநாடியில் நாற்பது வரி!

"இது சரியா, தப்பா?"

விழித்தான்.

"சரிதான் போலிருக்கு மாமா..."

"'போலிருக்கு'ன்னு பேங்க்காரன்கிட்ட சொல்ல முடியுமாடா? எழுதுறது இனிமே சுலபம். சரியான்னு பார்க்கத் தெரியணும். அதுக்குத்தான் சம்பளம்."

சொல்லும்போதே எனக்கே அது உறைத்தது.

திரும்பி வந்து கோர்ஸ் நோட்டீஸை விரித்தோம். மூன்று மாசம், பதினேழு கருவிகளின் பெயர்கள். கணக்கு, புள்ளியியல் மருந்துக்கும் இல்லை. "இதுல பாதிப் பேரு உன் டிகிரி முடியறதுக்குள்ள காணாமப் போகலாம்" என்றேன். பைத்தான் இலவசம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டெல். திட்டத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, பரீட்சை எழுதினால் மட்டும் கட்டணம். ஆறு மாசம் அதைப் படி, அப்புறமும் கோர்ஸ் வேணும்னு தோணினா மாமா பணம் தர்றேன் என்று பேசி முடித்தேன்.

தங்கச்சி காபியோடு வந்தாள்.

"பைத்தான்னா மலைப்பாம்பு இல்லே?"

"ஆமா. கோபாலைவிடக் கொஞ்சம் நீளம்!"

சிரித்தாள். வளையல் கையிலேயே இருந்தது. பஸ் ஏற்றிவிடும்போது மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே... உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே!" என்றேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். மருமகன் அனுப்பிய அதே பாடங்களைத்தான்!