யார் கையெழுத்திடுவது?

ஊரில் ஒருவர் கண்மூடினால் அவ்வீட்டார் எழுந்து அலைய வேண்டியதில்லை. அயலவர் பந்தல் இடுவர். ஒருவர் குருக்களிடம் ஓடுவார். இன்னொருவர் விறகுக்கு ஒழுங்கு செய்வார். வேறொருவர் கிராம சேவையாளரிடம் செல்வார். அழுவது மட்டுமே வீட்டாரின் கடமையாக இருந்தது.

புகலிடத்தில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் மரணத்துக்கும் தகனத்துக்கும் இடையே ஒரு வாரமோ இரு வாரங்களோ, சிலவேளை அதற்கு மேலோ செல்லும். அந்நாட்களில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பல படிவங்களை நிரப்ப வேண்டியுள்ளது. அவசரத்தில் இடப்படும் ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் கடனாளியாக்கிவிடக்கூடும்.

முதலில் பதிவு

2024 செப்டெம்பர் 9 முதல், வைத்தியர் எழுதும் மரணக் காரணச் சான்றிதழை மருத்துவ ஆய்வாளர் ஒருவர் பரிசீலித்த பின்னரே அது பதிவாளருக்கு அனுப்பப்படுகின்றது. அதிலிருந்து 5 நாட்களுக்குள் மரணத்தைப் பதிதல் வேண்டும். திடீர் மரணம், விபத்து, காரணம் தெரியாத மரணம் என்பன மரண விசாரணை அதிகாரியிடம் செல்லும். அவர் பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அவரது அனுமதி கிடைக்கும்வரை தகனத்துக்கு நாள் குறித்து உறவினருக்கு அறிவித்தல் கூடாது. விசாரணை நீளுமாயின், வங்கி முதலியவற்றுக்குக் காட்டுவதற்கு இடைக்காலச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம்.

எம்மவர் பலரின் பெயரும் பிறந்த திகதியும் ஊர்ப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், அகதி ஆவணத்தில் வேறுவிதமாகவும் உள்ளன. தந்தையின் பெயர் முன்பின்னாக மாறியிருக்கும். ஆகவே பதிவாளர் காட்டுவதை எழுத்தெழுத்தாக வாசித்த பின்னரே உறுதி செய்க. பின்னர் திருத்துவது இலகுவன்று. வங்கி, ஓய்வூதியம், காப்புறுதி எனப் பல இடங்களில் மரணச் சான்றிதழ் கேட்பர். அன்றே சில பிரதிகளைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்வது நன்று.

கையெழுத்தும் கடனும்

இறுதிச்சடங்கை நடத்தும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுகின்றாரோ, அவரே முழுத் தொகைக்கும் பொறுப்பாளி. ஊரார் சேர்ந்து தருவோம் என்று சொன்ன வாய்ச்சொல் அங்கே செல்லாது.

அரச உதவியில் வாழும் குடும்பங்களுக்கு இறுதிச்சடங்குச் செலவுக்கென ஓர் உதவிப்பணம் உண்டு. தகனக் கட்டணத்துடன், ஏனைய செலவுகளுக்கு 1,000 பவுண் வரை இது கிடைக்கும். சடங்கு நடந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். ஆயின், செலவுக்குப் பொறுப்பேற்றவரே விண்ணப்பிக்கலாம்; அவரே தகுதியான உதவிப்பணம் பெறுபவராகவும் இருத்தல் வேண்டும். கணவனை இழந்தவர் நிலைகுலைந்திருக்கையில், வேலை செய்யும் மருமகன் அன்பினால் முன்வந்து பொறுப்பேற்றுவிட்டால், அவ்வுதவி கிடைக்காமற் போகும். துணைவர் உயிருடன் இருப்பின் அவரே பொறுப்பேற்பது முறை.

2021 செப்டெம்பர் முதல் இந்நிறுவனங்கள் விலைப்பட்டியலை வெளிப்படையாகக் காட்டுதல் கட்டாயம். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்த பின்னர் முடிவெடுங்கள். இறந்தவரின் கணக்கில் பணமிருந்தால், சான்றிதழையும் பற்றுச்சீட்டையும் காட்டும்போது வங்கிகள் பொதுவாகச் செலவை நேரடியாக நிறுவனத்துக்குச் செலுத்தும். விலையுயர்ந்த பெட்டியும் வாகன வரிசையும் இறந்தவருக்குச் செய்யும் மரியாதையின் அளவுகோல் அல்ல. பேசுபவர் பேசட்டும், மாதாமாதம் கடன் கட்டப்போவது அவர்களல்லர்.

ஓய்வூதிய வயதை எட்டாத ஒருவர் துணையை இழந்தால், இறந்தவர் தேசிய காப்புறுதிப் பணம் செலுத்தியிருக்கும் பட்சத்தில், துணையிழந்தோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். முழுத்தொகை பெறுவதற்கு 3 மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.

கீரிமலை

தந்தையின் அஸ்தியைக் கீரிமலையிற் கரைக்க வேண்டும் என்பது எம்மவர் பலரின் ஆசை. ஆனால் அகதிகளுக்கான பயண ஆவணம், தப்பியோடி வந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. இதற்காக எவரும் தமது வதிவிட உரிமையைப் பணயம் வைக்கலாகாது. அஸ்தியைக் கரைப்பதற்குச் சட்டத்தில் கெடு எதுவும் இல்லை. மரணச் சான்றிதழுடனும் தகனச் சான்றிதழுடனும், செல்லக்கூடிய உறவினர் ஒருவர் பின்னர் எடுத்துச் செல்லலாம். இங்குள்ள ஆற்றிலும் கரைக்கலாம்; குடிநீர் எடுக்கும் இடங்களைத் தவிர்த்து, பிளாஸ்ரிக் பொருட்களை நீரில் விடாதிருந்தாற் போதும். எட்டுச் செலவையும் அந்தியேட்டியையும் எந்நாளிற் செய்வது என்பதைக் குருக்களிடம் முன்கூட்டியே கேட்டறிக.

இன்றே இடவேண்டிய கையெழுத்து

கோயிலில் மட்டும் தாலி கட்டி, இந்நாட்டுச் சட்டப்படி பதியாத தம்பதியர் பலர் எம்மிடையே உள்ளனர். மரணசாசனம் இல்லாது ஒருவர் இறந்தால், அத்தகைய துணைக்கு அவரது சொத்து தானாகச் சேராது. இரு சாட்சிகள் ஒருங்கே பார்த்திருக்கக் கையெழுத்திடுவதே மரணசாசனம். சொத்துப் பெறுபவரோ அவரது வாழ்க்கைத் துணையோ சாட்சியாக இருத்தல் கூடாது.

அத்துடன் வங்கிக் கணக்கு, காப்புறுதி, வீட்டுக்கடன், ஊர்க் காணி உறுதி, சீட்டுக் கணக்கு ஆகிய விபரங்களை ஒரு கோவையில் வைத்து, அது இருக்குமிடத்தை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். சீட்டுப் பணத்துக்கு வேறு சாட்சி கிடையாது.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஊரில் அவ்வாறு ஒதுக்க முடிந்தது; ஏனைய அனைத்தையும் அயலவர் பார்த்துக்கொண்டனர். இங்கு அந்த அயல் இல்லை. இவ்வார விடுமுறையில் ஒரு மணி நேரம் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். பின்னொரு நாள், உங்கள் வீட்டாரும் அழுவதை மட்டுமே கடமையாகக் கொண்டிருக்க அது உதவும்.