வெயிலும் நீரும் வண்ணமீனும்

கோடைக்காலத்தில் மொட்டைமாடியில் மீன்தொட்டி வைத்திருப்போர் முதலில் அஞ்சுவது நண்பகல் வெயிலையே. ஆனால், மீன்கள் மிகுதியாக மடியும் வேளை நண்பகலன்று. விடியலுக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரமே. அதிகாலை ஐந்து மணிக்கு மாடியேறிப் பார்ப்பவர், மீன்கள் யாவும் நீரின் மேற்பரப்பில் தலைதூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடி நிற்பதைக் காணக்கூடும். வெயில் ஏறியதும் அவை ஒன்றும் நடவாததுபோல் நீந்தத் தொடங்கிவிடும். காற்றுக் குளிர்ந்திருக்கும் வேளையில் மீனுக்கு மூச்சு முட்டுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை கண்டவர், திறந்தவெளியில் வண்ணமீன் வளர்க்கும் கலையில் பாதியை அறிந்தவராவார். தம் ஊர் ஆறும் ஏரியும் படும் பாட்டின் காரணமும் அவருக்கு விளங்கத் தொடங்கும்.

மேட்டுநிலத்தின் கோடை

கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சிப்காட் தொழிற்பேட்டையும் வாகன ஆலைகளும் அவற்றை நம்பி வந்த குடியிருப்புகளும் பெருகிய பின்னரும், தமிழ்நாட்டின் சமவெளி நகரங்களோடு ஒப்பிட இங்குக் கோடை மென்மையானதே. ஏப்ரல் மாதப் பகலில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறினாலும், இரவில் 22 டிகிரிக்கு இறங்கிவிடும். சூளகிரி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கீழிறங்கிக் கிருஷ்ணகிரியை அடைந்தால் நிலை வேறு. அங்கு நிலமட்டம் தாழ்வு. வெயிலின் கடுமை மிகுதி. ஆகவே, ஓசூரில் பலன் தந்த முறையை அப்படியே கிருஷ்ணகிரியில் கையாள இயலாது.

ஓசூரின் குளிர்ந்த இரவு மீனுக்கு நன்மை செய்வதாகத் தோன்றும். பெரிய குளத்தில் அது உண்மையே. சிறு தொட்டியிலோ அதுவே தொல்லையாகிறது. ஐம்பது லிட்டர் நீர் கொண்ட கறுப்பு நெகிழித் தொட்டி, வெயிலில் விரைவாகச் சூடேறி இரவில் விரைவாகக் குளிர்கிறது. மீன் குளிர்க்குருதி விலங்கு. அதன் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கும். நாள்தோறும் பத்து டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும் நீரில் வாழும் மீன், நோயை எதிர்க்கும் ஆற்றலை இழக்கிறது. ஐந்நூறு லிட்டர் கொள்ளளவு கொண்ட சிமெண்டுத் தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு. வளர்ப்புக்கு எந்த மீனை வாங்குவது என்று வினவுவதற்கு முன், எவ்வளவு நீரை வைத்திருக்க இயலும் என்று வினவுவதே முறை.

தொட்டியாக எதைப் பயன்படுத்துவது என்பதிலும் தொழிற்பகுதிக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. ஆலைகளில் பயன்பட்டுக் கழிந்த நெகிழிப் பீப்பாய்கள் பழைய பொருள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றில் முன்பு இருந்தது எண்ணெயா, அமிலமா, சாயமா என்று தெரியாதவரை அவற்றை வாங்காதிருப்பதே நன்று. எத்தனை முறை கழுவினாலும் சில வேதிப்பொருள்கள் நெகிழியினுள் ஊறித் தங்கிவிடும். புதிய சிமெண்டுத் தொட்டியும் உடனே மீனுக்கு உரியதன்று. சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்திவிடும். ஓரிரு வாரங்கள் நீரை நிரப்பியும் மாற்றியும் அதனைப் பதப்படுத்த வேண்டும். வாழைத்தண்டுத் துண்டுகளை அதில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீராயின், கிருமி நீக்கத்திற்காகக் கலந்த குளோரின் வெளியேறும் பொருட்டு அதனைத் திறந்த கலத்தில் ஒருநாள் வைத்திருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. எனினும், நிலத்தடியிலிருந்து வந்தமையால் அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதற்கும் ஒருநாள் காற்றோட்டம் தேவை.

பச்சைநீரின் இரு முகங்கள்

உயிர்வளியாகிய ஆக்சிஜன் நீரில் கரையும் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். ஓசூரின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் இவ்வளவில் இன்னும் பத்தில் ஒரு பங்கு குறையும். மறுபுறம், வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் மீனின் வளர்சிதைமாற்றம் ஏறத்தாழ இருமடங்காகிறது. கோடையில் நீர் தருவது குறைய, மீன் கேட்பது கூடுகிறது.

வெயில் படும் தொட்டி, சில நாள்களிலேயே பச்சைநிறம் பெறும். கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நுண்பாசிகள் பெருகுவதே இதற்குக் காரணம். பச்சைநீரைக் கண்டவுடன் அழுக்கெனக் கருதி முற்றிலும் கொட்டிவிடுவோர் உளர், இது பிழை. அந்நுண்பாசிகள் மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை உண்டு வளர்கின்றன. அவற்றை உண்ணும் நுண்ணுயிர்கள் மீன்குஞ்சுகளுக்கு முதல் உணவாகின்றன. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. மாலை நான்கு மணிக்குப் பச்சைநீரில் இருக்கும் அளவு ஆக்சிஜன், தெளிந்த நீரில் இராது.

கதிரவன் மறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது, சுவாசம் நிற்பதில்லை. பாசியும் மீனும் அடியில் மக்கும் தீனியைச் சிதைக்கும் பாக்டீரியாவும் ஒரே சேமிப்பிலிருந்து இரவு முழுவதும் ஆக்சிஜனை எடுக்கின்றன. சேமிப்பு முற்றிலும் வற்றும் வேளையே விடியலுக்கு முந்தைய வேளை. மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்பதன் காரணம் இதுவே. காற்றோடு உராயும் அந்த மெல்லிய மேலடுக்கில் மட்டுமே அப்போது ஆக்சிஜன் எஞ்சியுள்ளது.

பிற்பகலில் மற்றோர் இடரும் உண்டு. பாசிகள் கரியமில வாயுவை முழுவதும் எடுத்துக்கொள்வதால், நீரின் காரத்தன்மை மாலைக்குள் உயர்கிறது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று தீங்கற்றது எனலாம், மற்றொன்று நஞ்சு. 30 டிகிரி வெப்பத்தில் நீரின் பி.எச். அளவு 7 ஆக இருக்கும்போது நஞ்சின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதே நீரின் பி.எச். 9 ஆக உயர்ந்தால், அப்பங்கு நூற்றில் நாற்பதைத் தாண்டுகிறது. அம்மோனியாவின் மொத்த அளவு மாறாதிருக்க, காலையில் தீங்கு செய்யாத நீர் மாலையில் நஞ்சாவது இவ்வாறே.

இவ்விரு இடர்களுக்கும் வேர் ஒன்றே. மீனின் எண்ணிக்கையும் தீனியும் நீரின் அளவுக்கு மிஞ்சிவிடுவதே அது. அன்பு மிகுதியால் தீனியை அள்ளிப் போடுவோரின் தொட்டியில்தான் விடியற்காலைச் சாவுகள் மிகுதி. இரண்டு நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே போதுமானது. மாலை மங்கிய பின் தீனி இடாதிருத்தல் நலம். மூன்று நான்கு நாளுக்கொருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றினால் பச்சைநீரின் அடர்த்தி அளவோடு நிற்கும். நீருக்குள் கைவிட்டால் உள்ளங்கை தெரிய வேண்டும். முழங்கை ஆழத்திற்கு முன்பே அது மறைந்துவிடுமாயின் பாசி மிஞ்சிவிட்டது என்பது பொருள்.

நிழலுக்கு ஓசூரில் குறைவில்லை. ரோசா மலர்ச்சாகுபடிக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில், பண்ணைகளுக்கு வேண்டிய பச்சை நிழல்வலை எளிதில் கிடைக்கும். வெயிலில் பாதியைத் தடுக்கும் வலையைத் தொட்டிக்கு மேல் இரண்டடி உயரத்தில் கட்டினால், ஒளியும் கிடைக்கும், கொதிப்பும் தணியும். தொட்டியை முற்றிலும் மூடிவிடுவது தவறு. ஒளி இல்லையேல் பாசி மடிந்து அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். தொட்டிக்குள் அல்லிச்செடி ஒன்றைச் சட்டியோடு இறக்கி வைப்பது இன்னும் அழகான வழி.

கோடையில் பிறக்கும் குஞ்சுகள்

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் கோடையில் திறந்தவெளியில் வளர்ப்போர் பலர். நீண்ட பகலும் இளவெப்பமும் இயற்கை உணவும் மீனை இனப்பெருக்கத்திற்குத் தூண்டுகின்றன; வீட்டினுள் மின்விளக்கின்கீழ் மந்தமாகக் கிடந்த மீன், வெளித்தொட்டியில் நிறம் ஏறி நிற்கும்.

தொடக்கநிலை வளர்ப்போருக்கு ஏற்றது கப்பி. தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் முட்டையிடாது. ஏறத்தாழ நான்கு வாரத்திற்கொருமுறை குஞ்சுகளை ஈனும். ஒருமுறை இணைசேர்ந்த பெண்மீன், விந்தணுவை உடலில் சேமித்துப் பல ஈற்றுகள் வரை பயன்படுத்தும். ஒரே ஒரு பெண்மீன் உள்ள தொட்டியில் சில மாதங்களில் மீன் நிறைந்துவிடுவது இதனால்தான். தாய்மீன் தன் குஞ்சுகளையே உண்ணும். வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லாக் கொத்து ஒன்று இருந்தால் குஞ்சுகள் அதனுள் ஒளிந்து பிழைக்கும். இப்பகுதியில் காணும் உப்புச்செறிந்த கிணற்றுநீரும் கப்பிக்கும் மோலிக்கும் ஒத்துப்போகும்.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வருவது. குளிர்ந்த நீரை விரும்பும் இதற்குக் கிருஷ்ணகிரியைவிட ஓசூரே உகந்த ஊர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் செவுள்மூடியில் வெண்ணிறச் சிறுமுட்கள் தோன்றும். செடிகளில் ஒட்டும் முட்டைகளைப் பெற்றோர் தின்றுவிடுமாதலால், முட்டையோடு செடியை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். மூன்று நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும். பிறந்த குஞ்சு பொன்னிறமாக இராது. பழுப்பாகவே இருந்து, பின்னரே நிறம் மாறும். குஞ்சுகளின் நிறம் கண்டு ஏமாந்து, அவற்றைக் களைந்துவிட்டோரும் உளர்.

ஃபைட்டர் எனப்படும் சண்டைமீனின் கதை வேறு. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணையுறுப்பு அதற்கு இருப்பதால், விடியற்காலை மூச்சுமுட்டல் அதனை எளிதில் வீழ்த்துவதில்லை. ஆண்மீன் நீர்ப்பரப்பில் குமிழிக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் கவ்வி அதில் சேர்த்து, விழுவனவற்றை மீண்டும் எடுத்து வைத்துக் காக்கும். குஞ்சு பொரியும்வரை காற்றும் மழையும் அக்கூட்டைக் கலைக்காமல் காப்பதே வளர்ப்போரின் வேலை.

இக்கலையைப் பெருந்தொழிலாக வளர்த்த இடம் சென்னையின் கொளத்தூர். வீட்டுக் கொல்லையிலும் குத்தகை நிலத்திலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, குடும்பம் முழுவதும் உழைத்து வண்ணமீன் பெருக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியுள்ளது. அங்கிருந்து பிற மாநிலங்களுக்கும் மீன் செல்கிறது. கடலோர நகரமாதலால் அங்கு இரவிலும் வெப்பம் அதிகம் இறங்குவதில்லை. வெப்பமண்டல மீன்களுக்கு அச்சீர்மை வாய்ப்பாகிறது. மேட்டுநிலத்து வளர்ப்போர் அந்தச் சீர்மையை ஆழமான தொட்டியால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

தொட்டியிலிருந்து ஆற்றுக்கு

நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்குப் புறத்தைக் கடந்து தமிழ்நாட்டினுள் நுழைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. பெருநகரின் கழிவுநீர் கலப்பதால் அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை மலைபோல் பொங்கி நிற்பது அண்மை ஆண்டுகளில் பலமுறை செய்தியாகியுள்ளது. நுரைக்குச் சலவைப்பொருள்கள் காரணமென்றால், கண்ணுக்குத் தெரியாத கேட்டிற்குக் காரணம் கழிவுநீரிலுள்ள மக்கும் பொருள்கள். அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரின் ஆக்சிஜனைக் கொள்ளைகொள்கின்றன. தொட்டியில் எஞ்சிய தீனி செய்வதையே ஆற்றில் கழிவுநீர் செய்கிறது. ஒருவர் தம் தொட்டியின் கால்பங்கு நீரை மாற்றிப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஆற்றுக்கு மாற்றுநீர் ஊற்றுவாரில்லை.

தொட்டியிலிருந்தும் ஆற்றுக்குக் கேடு செல்லக்கூடும். கொசுப்புழுவை ஒழிக்கும் நோக்கில் 1928ஆம் ஆண்டு இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், கொசுப்புழுவோடு நில்லாமல் நாட்டுச் சிறுமீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டு பரவியது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் சக்கர் மீன், வளர்ந்து பெருத்ததும் இரக்கத்தால் ஏரியில் விடப்படுகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலைகளைத் தன் முள்ளால் கிழிக்கிறது. இரக்கம் எனத் தோன்றும் அச்செயலின் விலையைக் கெண்டையும் கெளிறும் கொடுக்கின்றன. வளர்க்க இயலாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்போருக்கோ தருவதே தக்கது.

வேண்டுமென்று விடாமலேயே மீன் வெளியேறும் வாய்ப்பும் உண்டு. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் ஓசூர்ப் பகுதியில் இடியோடு பெய்யும் கோடைமழை, விளிம்புவரை நிறைந்த தொட்டியை அரைமணி நேரத்தில் வழியச் செய்யும். வழியும் நீரோடு கப்பிக்குஞ்சுகள் மாடிக்குழாயில் இறங்கி, தெருச்சாக்கடை வழியே ஏரியைச் சேரும். நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து நான்கு விரற்கிடை தாழ்த்தி வைத்து, வழிதுளையின் வாயில் நுண்கண் வலைத்துணியைக் கட்டிவிட்டால் மழை பெய்து ஓயும்வரை குஞ்சுகள் தொட்டியிலேயே இருக்கும்.