உயரம் குறைந்தால் திறமை குறைந்ததா?

குனோங் ராபாட் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகளில் பலருக்கு இளையோர் தேசிய அணிதான் கனவு. 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம், பகாங், காம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி அகாடமி வரை வழி திறந்துள்ளது. ஆனால் தேர்வில் 'உடல்வாகு போதாது' என்ற ஒரு சொல் போதும், பிள்ளையும் பெற்றோரும் சோர்ந்து விடுவர்.

அது திறமைக் குறைவுதானா? பிறந்த மாதத்தைப் பாருங்கள். இளையோர் பிரிவுகளில் வயது ஜனவரி முதல் தேதியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுகின்றனர். 12 வயதில் 11 மாத வளர்ச்சி சிறிய வேறுபாடல்ல. பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் என்பதை ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன.

நல்ல தேர்வாளர் உயரத்தை மட்டும் அளப்பதில்லை. பந்து வருமுன் பையன் சுற்றிலும் பார்க்கிறானா, இரு கால்களாலும் ஆடுகிறானா, பந்தை இழந்ததும் விரட்டிச் செல்கிறானா என்று கவனிப்பார். ஓர் ஆட்டத்தோடு முடிவு கட்டவும் மாட்டார்.

வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்த மெஸ்ஸியை, 2000-இல், அவரது 13-ஆவது வயதில் பார்சிலோனா ஏற்றுக்கொண்டது. எல்லாரும் மெஸ்ஸி ஆகிவிட முடியாதுதான். என்றாலும் பெற்றோர்களே, ஒரு தேர்வில் தவறியதற்காகப் பிள்ளையின் காலணியைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். வளர்வதற்கு அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.