2032-ல் கல் விழப் போகிறதா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு எண்ணி முடித்து, உள்கடன் தவணையை ஊக்குநர் கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "2032-ல வானத்துலேர்ந்து கல்லு விழுந்து எல்லாம் போகப் போகுது, இதைக் கட்டி என்ன மேடம் ஆகப் போகுது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மகன் செல்போனில் காட்டிய வீடியோவை நம்பி ரெண்டு மாதத் தவணையையும், மகளுக்குப் போட்டு வந்த செல்வமகள் சேமிப்பையும் நிறுத்தி வைத்திருந்தார். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

அந்த வீடியோ முழுப் பொய் கிடையாது. பழைய செய்தி. 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு விண்கல்லைக் கண்டுபிடித்தது. பெயர் 2024 ஒய்ஆர்4. சுமார் 60 மீட்டர், அதாவது இருபது மாடிக் கட்டிட உயரம். இந்த அளவுக் கல்லால் உலகம் அழியாது. ஆனால் ஊருக்கு மேல் விழுந்தால் ஒரு நகரமே பாழாகும். 2032 டிசம்பர் 22-ல் பூமியில் மோத நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு என்று 2025 ஜனவரி கடைசியில் சொன்னார்கள். பிப்ரவரி 18-ல் அது 3.1 சதவீதம் ஆனது. விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் இங்கே பரபரப்பு அதிகம். அடுத்த ஒரு வாரத்திலேயே வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்ஜியமாகி விட்டது. வீடியோ போட்டவர்கள் இதைச் சொல்லவே இல்லை!

"ஏறினது எப்படி திடீர்னு இறங்கும்? மறைக்கிறாங்களோ?" என்று இன்னொரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி.

களத்தில் உங்கள் மூக்குத்தி விழுந்து விட்டது என்று வையுங்கள். களத்து ஓரத்தில் ஒரு கிணறு. மூக்குத்தி எங்கே வேண்டுமானாலும் கிடக்கலாம், கிணற்றில் விழுந்திருக்க வாய்ப்பு கொஞ்சம்தான். தேடத் தேட, பார்த்து முடித்த இடம் கழிந்து கொண்டே வருகிறது. கடைசியில் கிணற்றைச் சுற்றி நாலு முழ இடம்தான் பாக்கி. இப்போது, "ஐயோ, கிணத்துக்குள்ளதான் போயிருக்குமோ" என்று பயம் கூடுகிறது அல்லவா? மூக்குத்தி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, நம் தேடும் இடம்தான் சுருங்கியது. அப்புறம் வைக்கோல் போர் ஓரத்தில் பளிச்சென்று கண்ணில் பட்டதும் கிணற்றுப் பயம் மொத்தமாகப் போய்விடும். ஒய்ஆர்4 கதையும் இதேதான். புதிதாக அளக்க அளக்க அதன் பாதை துல்லியமானது, பூமி அந்தப் பாதைக்கு வெளியே நின்றது. யாரும் எதையும் மறைக்கவில்லை.

விண்கல்லால் ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வானத்திலேயே வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டி யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். வெடியின் அதிர்வு சில நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடி உடைந்து பட்டது. எனவே வானத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தால் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் விடாதீர்கள்.

கல்லைத் தள்ளிவிடவும் பழகி வருகிறார்கள். 2022 செப்டம்பர் 26-ல் நாசா அனுப்பிய டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அளவுள்ள டைமார்பஸ் என்ற கல் மேல் வேண்டுமென்றே மோதியது. அது ஒரு பெரிய கல்லைச் சுற்றி வருவது. ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் எடுத்தது, மோதிய பிறகு 32 நிமிடம் குறைந்தது. முன்கூட்டியே தெரிந்தால் கல்லின் போக்கைக் கொஞ்சம் மாற்றலாம் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள்.

ஒய்ஆர்4 மறுபடி 2028 டிசம்பரில் நம் பக்கம் வரும், வெகு தூரத்தில் கடந்து போகும். அப்போதும் அளப்பார்கள். "அதையும் வந்து சொல்லணும் மேடம்" என்று அந்த அக்கா கேட்டிருக்கிறார். ரெண்டு மாதத் தவணைக்கு அபராதம் போட வேண்டாம் என்று குழுவில் தீர்மானம் எழுதினார்கள்.