பள்ளிக்கூடத்தின் பின்னே ஒரு கரிக்குன்று

காலையில் பிள்ளைக்குத் தலைவாரி, புத்தகப் பையைத் தோளில் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் தாய், அவன் மாலையில் திரும்பி வருவான் என்பதில் ஐயம் கொள்வதில்லை. வகுப்பறையை விடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்பது அவளது நம்பிக்கை. அந்த நம்பிக்கை, 1966 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள், பிரிட்டனின் தென் வேல்ஸ் பகுதியிலுள்ள அபர்வான் என்னும் சிற்றூரில் ஒரு சில நிமிடங்களில் மண்ணோடு மண்ணாயிற்று.

பள்ளிகளின் அருகே சுரங்கம் வரப்போகிறது என்றதும் பெற்றோர் திரண்டெழுந்து எதிர்ப்பதை இன்று பல நாடுகளில் காண்கிறோம். "இவர்கள் முன்னேற்றத்தின் பகைவர்கள்" என்று அவர்களைத் தூற்றுவோரும் உள்ளனர். அவ்வாறு தூற்றுவோர் அபர்வானின் கதையை ஒரு முறையேனும் கேட்க வேண்டும்.

அபர்வான் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். மெர்தர் வேல் நிலக்கரிச் சுரங்கமே அவ்வூரார்க்குச் சோறிட்டது. சுரங்கத்திலிருந்து நிலக்கரியோடு கல்லும் மண்ணும் கழிவுச் சேறும் வெளிவரும். அவற்றை ஊருக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் கொட்டினார்கள். இவ்விதம் ஏழு கரிக்குன்றுகள் எழுந்தன. 1958 இல் தொடங்கப்பட்ட ஏழாவது குன்று, நீரூற்றுகளின் மேலேயே குவிக்கப்பட்டது. அந்த ஊற்றுகள் யாரும் அறியாதவை அல்ல. நில வரைபடங்களிலேயே அவை குறிக்கப்பட்டிருந்தன. குன்றின் நேர் கீழே, மலையடிவாரத்தில் இருந்தது பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளி.

செவிசாய்க்காத வாரியம்

ஆபத்து முன்னறிவிப்பின்றி வரவில்லை. 1963 ஆம் ஆண்டிலேயே நகராட்சிப் பொறியாளர், பள்ளிக்குப் பின்னே கரிச்சேறு கொட்டப்படுவதன் ஆபத்தைக் குறித்து, சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். குன்று நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து நேரும் என்று 1964 இல் பெண் உறுப்பினர் ஒருவர் நகராட்சிக் குழுவில் எடுத்துரைத்தார். 1965 இன் தொடக்கத்தில், பள்ளியருகே கரிநீர் பெருகுவது கண்டு அஞ்சிய தாய்மார் இருவர், தலைமை ஆசிரியையிடம் மனு அளித்தனர். அவர் அதை நகராட்சிக்கு அனுப்பி வைத்தார். வாரியத்தாருடன் பேச்சு நடந்தது. அடைபட்ட குழாய்களையும் கால்வாய்களையும் சீர்செய்வதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால் அடுத்த ஆண்டு அக்டோபர் வரை வேலை எதுவும் நடைபெறவில்லை.

ஊரார் ஏன் இன்னும் உரத்துக் குரல் கொடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். மிகுதியாக முறையிட்டால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்னும் அச்சம் அவர்களைத் தடுத்தது. வயிற்றுப் பிழைப்பு ஒருபுறம், பெற்ற பிள்ளைகள் மறுபுறம். ஏழைகளின் வாயை அடைக்க இதைவிட வலிய பூட்டு வேறில்லை.

அந்த வெள்ளிக்கிழமை

இடைப்பருவ விடுமுறைக்கு முந்தைய நாள் அது. பள்ளத்தாக்கில் மூடுபனி சூழ்ந்திருந்தது. காலையில் குன்றின் உச்சிக்குச் சென்ற தொழிலாளர்கள், அது ஏறத்தாழ மூன்று மீட்டர் உள்வாங்கியிருக்கக் கண்டனர். பிள்ளைகள் வகுப்புகளில் அமர்ந்த வேளை, 9.15 மணியளவில், ஊற்று நீரில் ஊறிக் கூழாகிப் போன குன்று சரிந்து பாய்ந்து, பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. சுரங்கத்தில் இருந்த தந்தையர் மேலே ஓடிவந்து, தம் பிள்ளைகளைத் தேடிக் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினர். முற்பகல் 11 மணிக்குப் பின் எவரும் உயிரோடு மீட்கப்படவில்லை. மாண்டவர்கள் 144 பேர். அவர்களுள் 116 பேர் சிறார்கள். தாய்மாரின் மனுவை வாங்கி அனுப்பிய தலைமை ஆசிரியையும் அவர்களோடு மாண்டார்.

ஊற்றுகள் இருந்ததை அறியோம் என்று வாரியத் தலைவர் ராபன்ஸ் பிரபு கூறினார். 76 நாட்கள் நடந்த விசாரணையின் முடிவில், 1967 இல் வெளியான அறிக்கை முழுப் பழியையும் வாரியத்தின் மீதே சுமத்தியது. ஆயினும் எவரும் தண்டிக்கப்படவில்லை. பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு வாரியம் கொடுத்தது 500 பவுன். எஞ்சிய குன்றுகளை அகற்றுமாறு மன்றாடிய மக்கள், கார்டிஃப் நகரிலிருந்த வேல்ஸ் அமைச்சகத்தில் கரிச்சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டிய பின்னரே அரசு அசைந்தது. அப்போதும், அகற்றும் செலவுக்காக, துயருற்றோர்க்கென உலக மக்கள் அளித்த நிதியிலிருந்து 1,50,000 பவுன் எடுத்துக்கொள்ளப்பட்டது. அத்தொகை திருப்பித் தரப்பட்டது 1997 இல்தான். 2007 இல் வேல்ஸ் அரசு மேலும் 20 இலட்சம் பவுன் வழங்கியது. பணம் திரும்பி வந்தது. பிள்ளைகள்?

நமக்கொரு பாடம்

சுரங்கமே கூடாது என்பதல்ல இக்கதை உணர்த்தும் பாடம். வீட்டு அடுப்பு எரியவும், ஆலைகள் ஓடவும் நிலத்தடிப் பொருள்கள் தேவைதாம். ஆனால் எங்கே, எப்படி, யாருடைய ஒப்புதலோடு என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். கழிவு எங்கே கொட்டப்படும்? அதன் அடியில் ஊற்றோ ஓடையோ உண்டா? மழைநீர் எவ்வழியே இறங்கும்? பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது? வாக்குறுதியை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது? இவற்றுக்கு எழுத்து மூலமான விடை பெற வேண்டும். நம் நாட்டில், 2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத் திட்டங்கள் பலவற்றுக்கு அனுமதி வழங்குமுன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அங்கே பெண்களும் சென்று பேச வேண்டும். அபர்வானில் பள்ளியருகே பெருகிய கரிநீரைக் கண்டு முதலில் மனு எடுத்துச் சென்றவர்கள் அன்னையர் இருவர்தாம்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுக்காகக் கேள்வி கேட்பவரைக் கலகக்காரர் என்று சிலர் ஏசலாம். அந்த ஏச்சை ஏற்றுக்கொள்வோம். குன்று சரிந்த பின் சிந்தும் கண்ணீரை விட, சரியும் முன் எழுப்பும் குரல் மேலானது.