இருபது கணினிகளுக்கு ஒரே குறிப்பேடு

கணினி ஆய்வகம் உள்ள எந்தப் பள்ளியிலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தக் கணினிகள் எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் ஒருவருடைய பெயர்தான் பதிலாக வரும். எந்தக் கணினியில் தமிழ்த் தட்டச்சு வேலை செய்யாது, எதில் கடிகாரம் பின்தங்கும், எதில் பைத்தான் பழைய பதிப்பு என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். மாறுதல் கலந்தாய்வில் அவர் வேப்பந்தட்டையிலிருந்து ஆண்டிமடத்துக்குப் போய்விட்டால் அந்த அறிவும் அவரோடு பேருந்து ஏறிவிடும். அடுத்து வருபவர் ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஒரே நாளில், ஒரே நேரத்தில், பல பள்ளிகளில் இணையவழி மதிப்பீடு நடக்கும்போது இருபது கணினிகளில் மூன்று மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டால், அந்த மூன்றின் முன் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்குத்தான் இழப்பு.

இந்தச் சிக்கலுக்குத் தொழில்நுட்ப உலகம் கண்ட விடைதான் அமைவு மேலாண்மை. ஆங்கிலத்தில் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்து எளிது. கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். அந்தக் கோப்பைப் படித்து எல்லாக் கணினிகளையும் அப்படியே ஆக்கும் வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது.

இது தொடங்கியதும் ஒரு கல்விக்கூடத்தில்தான். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்கெஸ், தம் துறையில் இருந்த சில கணினிகளைக் கட்டுக்குள் வைக்க 1993இல் சிஎஃப்என்ஜின் என்ற கருவியை எழுதினார். பின்னர் 2005இல் பப்பட், 2009இல் செஃப், 2012இல் மைக்கேல் டிஹான் எழுதிய அன்சிபிள் வந்தன. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அன்சிபிளையே பரிந்துரைப்பேன். நிர்வகிக்கப்படும் கணினிகளில் அதற்கெனத் தனி மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸ் கணினி என்றால் எஸ்எஸ்எச் இணைப்பும் பைத்தானும் இருந்தால் போதும்.

இங்கே மாணவர்களுக்கும் நமக்கும் புரிய வேண்டிய கருத்து ஒன்று உண்டு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பள்ளி மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். “பத்து நிமிடம் மோட்டாரை ஓட்டு” என்பது ஒரு கட்டளை. தொட்டி காலியாக இருந்தால் சரி. ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தால் தண்ணீர் வழிந்து வீணாகும். ஒரே கட்டளையை இருவர் நிறைவேற்றினால் இரு மடங்கு வழியும். தொட்டிக்குள் மிதக்கும் பந்து வால்வு அப்படி இல்லை. “தொட்டி நிரம்பியிருக்க வேண்டும்” என்ற நிலை மட்டுமே அதற்குத் தெரியும். குறைந்தால் திறக்கும், நிரம்பியிருந்தால் சும்மா இருக்கும். அதை எத்தனை முறை கேட்டாலும் முடிவு ஒன்றுதான்.

அன்சிபிள் கோப்பும் இந்த வால்வைப் போன்றது. அதை பிளேபுக் என்பார்கள். அதன் வரிகள் ஆங்கிலத்தில் இருக்கும். பொருளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

எந்தக் கணினிகள்: ஆய்வகம்
பைத்தான்: நிறுவப்பட்டிருக்க வேண்டும்
தமிழ் எழுத்துரு: இருக்க வேண்டும்
நேர மண்டலம்: இந்திய நேரம்
மாணவர் கணக்கு: நிர்வாக உரிமை இல்லாமல் இருக்க வேண்டும்

“நிறுவு” என்று எங்கும் இல்லை, கவனித்தீர்களா? “நிறுவப்பட்டிருக்க வேண்டும்” என்றுதான் உள்ளது. முதல்முறை ஓட்டும்போது குறைகள் நிரப்பப்பட்டு, திரையில் மஞ்சள் நிறத்தில் “மாற்றப்பட்டது” எனக் காட்டும். உடனே மறுபடி ஓட்டினால் எல்லாம் பச்சையாக வரும். அதாவது, மாற்ற எதுவுமில்லை. ஒரு மாதம் கழித்து ஓட்டும்போது ஏழாவது கணினியில் மட்டும் மஞ்சள் வந்தால், இடையில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கணினிகள் இப்படி மெல்ல மெல்ல ஒன்றிலிருந்து ஒன்று விலகிப்போவதை விலகல் என்கிறோம்.

பிளேபுக்குடன் இன்னொரு கோப்பும் வேண்டும்: எந்தெந்தக் கணினிகள் என்ற பட்டியல். இதன் அருமையை விளக்க அரியலூரை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. பெரம்பலூரிலிருந்து 2001இல் தனி மாவட்டமாகப் பிரிந்து, 2002இல் மீண்டும் அதனுடன் இணைந்து, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது அரியலூர். மாவட்டத்தின் பெயரை நூறு இடங்களில் கையால் எழுதியிருந்தால் ஒவ்வொரு முறையும் நூறு இடங்களில் திருத்த வேண்டும். இரண்டு இடமாவது விட்டுப்போகும். பட்டியலில் “பெரம்பலூர்” என்ற தலைப்பின் கீழ் பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என நான்கு ஒன்றியங்கள். “அரியலூர்” என்ற தலைப்பின் கீழ் ஆறு. திருமானூரை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். பதினொன்றாம் வகுப்பில் இதையே ஒரு செயல்பாடாகக் கொடுக்கலாம். கணினியே வேண்டாம், தாளில் செய்யலாம்.

அண்டை மாநிலத்தில் இதற்கு நெருங்கிய முயற்சி ஒன்று நெடுநாளாக நடக்கிறது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், இன்று கைட் என்ற அரசு நிறுவனமாகி, பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பைத் தயாரித்து வழங்குகிறது. பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்கள் அதிலேயே சேர்ந்து வருகின்றன. காசர்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் மாணவர் பார்ப்பது ஒரே திரை. நம் மாநிலத்திலும் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வந்ததை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைத் திறந்து பார்த்த மாணவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

ஒரே கோப்பால் எல்லாக் கணினிகளையும் சரிசெய்ய முடியும் என்றால், அதே கோப்பால் எல்லாவற்றையும் கெடுக்கவும் முடியும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் முடங்கிய கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் மீட்க வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயண அட்டையைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். அன்சிபிளில் “செக்” என்ற முறை உண்டு. எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும். அடுத்து ஒரே ஒரு கணினியில் ஓட்டி ஒரு நாள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். அதன் பிறகே மற்றவற்றுக்குப் போகலாம். தேர்வுக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் ஓட்டவே கூடாது. கடவுச்சொற்களைக் கோப்பில் வெளிப்படையாக எழுதுவதும் கூடாது. அவற்றைப் பூட்டி வைக்க அன்சிபிளிலேயே வால்ட் என்ற வசதி இருக்கிறது.

பள்ளி ஆய்வகக் கணினிகளில் உரிய அனுமதியின்றி இதைச் செய்து பார்க்காதீர்கள். பராமரிப்புப் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய ஒப்புதல் கட்டாயம். பழகுவதற்கு வீட்டில் உள்ள பழைய மடிக்கணினி போதும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளால் அதற்குள்ளேயே இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி உபுண்டு நிறுவுங்கள். ஒன்று கட்டளையிட, மற்றொன்று கேட்டுக்கொள்ள. விண்டோஸிலிருந்து நேரடியாக அன்சிபிளை இயக்க முடியாது என்பதால்தான் இரண்டு. முதல் நாள் அன்சிபிளின் “பிங்” கட்டளையால் இணைப்பைச் சோதியுங்கள். பதிலாக “பாங்” என்று வரும். மறுநாள் ஒரே ஒரு எழுத்துருவை நிறுவும் பிளேபுக். மூன்றாம் நாள் அந்த எழுத்துருவைக் கையால் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அது தானாகத் திரும்பி வரும்.

லினக்ஸ் பக்கமே போக வாய்ப்பில்லாத பள்ளிகளில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். முதல் பக்கத்தில் கணினிகளின் எண்கள். அடுத்த பக்கத்தில் ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். மூன்றாம் பக்கம் முதல் எந்தத் தேதியில், யார், எதை, ஏன் மாற்றினார் என்ற குறிப்பு. மாதம் ஒருமுறை இரண்டு மாணவர்கள் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்க்கலாம். மாறுதலில் செல்லும்போது சாவியோடு அந்த நோட்டையும் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.